நூற்றாண்டு மலரில் சேரி எங்கே?

ஒரு பங்கின் நூற்றாண்டு விழா மலர் என் மேசையில் கிடக்கிறது. எங்கள் பக்கத்துப் பங்குதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஒரு பங்கோடு முடிந்துவிடும். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். ஆயரின் ஆசியுரை, பங்குத்தந்தையின் முன்னுரை, இதுவரை பணியாற்றிய பங்குத்தந்தையர் பட்டியல், ஆளுக்கொரு புகைப்படம். கோபுரம் எழுந்த ஆண்டு, மணி வந்த ஆண்டு, தேர் செய்த ஆண்டு, எது யாருடைய உபயம் என்ற விவரம். கடைசிப் பக்கங்களில் நகைக்கடை, ஜவுளிக்கடை, கல்யாண மண்டப விளம்பரங்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இப்படிப்பட்ட மலர்களைச் சேர்த்து வருகிறேன். ஒரு மலர் கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு சொல்லை: சேரி. இந்த மலரிலும் தேடினேன். இல்லை. பறையர் இல்லை. தலித் இல்லை. 'காலனி' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், அன்பியங்களின் பட்டியலில், கடைசி வரிசையில் வருகிறது. மற்றபடி நாங்கள் 'ஏழை எளிய மக்கள்'. அந்த ஏழை எளிய மக்களுக்குச் சாமியார்கள் கஞ்சி ஊற்றினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

என் ஆயா அந்தக் கோயிலுக்குச் சுண்ணாம்பு சுமந்தவர். கூலியாகக் கிடைத்தது அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும். சாரத்தில் ஏறிச் சட்டியை மேலே கொடுத்துவிட்டு இறங்கும் வரை அவர் கோயிலுக்கு நடுவில் நிற்கலாம். கட்டி முடித்து மந்திரித்த பிறகு அவர் இடம் இடது பக்கம், கதவோரம். "கட்டுற வரைக்கும் அது எங்க கோயிலு, கட்டி முடிச்சதும் அவங்க கோயிலாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நூற்றாண்டு மலரிலும் இல்லை.

இதை மறதி என்று யாராவது சமாதானம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தேர் வடம் வாங்கிய ஆண்டு நினைவிருக்கிறவர்களுக்குத் தெரு பிரிந்து கிடப்பது மட்டும் எப்படி மறந்துபோகும்? பங்கு வரலாறு எழுதுவது பக்திக் காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சொத்துப் பத்திரம் எழுதுவது போன்ற காரியம். கோயில் யாருடையது, தேர் யாருடையது, கல்லறையில் நல்ல இடம் யாருடையது என்பதை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அது எழுதி வைக்கிறது.

பஞ்சத்தில் பிறந்த பங்குகள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவலூர்பேட்டை வழியாக வடக்கே போனால் சேத்துப்பட்டு. அங்கே இருக்கும் லூர்து மாதா கோயிலைத் தெரியாத கத்தோலிக்கர் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஜான் பிரான்சுவா தாரஸ் அடிகளார் உழைத்த இடம். 'வட ஆர்க்காட்டின் அப்போஸ்தலர்' என்று அவரை அழைக்கிறார்கள். அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்போஸ்தலர் வந்தார், மக்கள் மனந்திரும்பினார்கள் என்று முடியும் கதையில் மக்களின் பங்கு என்ன?

1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற வெள்ளை அதிகாரி நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு சிறு காசும் போதும் என்று கணக்குப் போட்டார். இதைத் தின்று உழைத்தால் ஆள் செத்துப்போவான் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுத வேண்டியிருந்தது. செத்தவர்களில் நிலமில்லாதவர்களே முதலில் செத்தார்கள். நிலமில்லாதவர்கள் யார் என்று இந்த மாவட்டத்தில் கேட்டால் சின்னக் குழந்தையும் சேரிப் பக்கம் கை காட்டும்.

அந்தப் பஞ்சக் காலத்திலும் அதைத் தொடர்ந்தும்தான் வட ஆர்க்காட்டில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. 'சோத்துக்கு மதம் மாறியவர்கள்' என்று அன்றைக்கே ஏசினார்கள். பால்பவுடர் வந்த காலத்தில் அதே ஏச்சு 'பால்பவுடர் கிறிஸ்தவன்' என்று பெயர் மாறியது. இதை மேல்தெரு இந்துக்கள் சொன்னார்கள். மேல்தெருக் கிறித்தவர்களும் சொன்னார்கள். நான் இதற்கு வெட்கப்பட மாட்டேன். பரம்பரை பரம்பரையாகப் படியாளாக வைத்திருந்தவன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டபோது, கஞ்சித்தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கே போவது ஒரு முடிவு. பண்ணையைக் கேட்காமல், ஊர்ப் பெரியவரைக் கேட்காமல், ஒரு சேரி மொத்தமாகக் கூடி எடுத்த முடிவு. அதன் பின்னால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஆசை இருந்தது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டேன், வெட்டி வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லும் துணிச்சலும் இருந்தது. எங்கள் வட்டாரத்தின் பங்குகளைத் தொடங்கி வைத்தது அந்த முடிவுதான். மலர்கள் அதைச் சாமியாரின் கருணையாக எழுதுகின்றன.

தங்கம் வெட்டப் போனவர்கள்

பஞ்சத்துக்குப் பின் 1880களில் கோலார் தங்கவயல் திறந்தது. ஜான் டெய்லர் கம்பெனிக்குப் பூமிக்கடியில் இறங்க ஆள் வேண்டும். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். என் ஆயாவின் சித்தப்பா ஒருவரும் போனார். இருமலோடு திரும்பி வந்தார்.

தங்கவயல் என்ற தொழில் நகரம் வளர வளர அங்கே கோயில்களும் வளர்ந்தன. சாம்பியன் ரீஃப்பில் இருக்கும் வெற்றி அன்னை ஆலயம் அப்படி ஒன்று. அதே நகரத்தின் மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கக் கிளையும் வேர்விட்டது. மாதா கோயில், பௌத்த சங்கம், தொழிற்சங்கம், பத்திரிகை எல்லாவற்றையும் சுரங்கக் கூலியிலேயே நடத்தினார்கள். ஊரில் கோயிலுக்கு வெளியே நின்றவர்கள், ஊரின் பிடி தளர்ந்த இடத்தில் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். எங்கள் மக்களுக்குக் கோயில் நிர்வாகம் தெரியாது, பங்குப் பேரவையில் உட்காரப் பக்குவம் போதாது என்று இன்றைக்கும் சொல்கிற பெரிய மனிதர்கள் ஒருமுறை தங்கவயலுக்கு ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது, கோயில்கள் இருக்கின்றன.

இன்றைக்கு எங்கள் மாவட்டத்துக்கே தொழில் வந்திருக்கிறது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் கம்பெனி வேனில் ஏறிப் போகும் பெண்களில் காலனிப் பெண்கள் எத்தனை பேர் என்று வேன் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தாலே தெரியும். அவர்கள் சம்பளத்தில் அந்தோணியார் கெபி எழும்புகிறது, சீரியல் லைட் எரிகிறது. காலனிக்குள் எழுப்பும் கெபிக்கு யாரும் தடை சொல்வதில்லை. ஊர்க்கோயில் தேருக்கு வரி கட்டுகிறோம் என்று போனால்தான் முகம் மாறுகிறது.

இந்த வரி விஷயத்தை நகரத்துத் தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டும். கிராமத்தில் திருவிழா வரி என்பது நன்கொடை கிடையாது. வரி கட்டுகிறவர் தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் கூட்டத்தில் பேச உரிமை, தேர் வர உரிமை, கணக்குக் கேட்க உரிமை. "பாவம், ஏழைகள், உங்களிடம் வரி வேண்டாம்" என்று சொல்வது இரக்கம்போலத் தெரியும். உண்மையில் அது உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கும் வேலை.

சுவர்களின் பட்டியல்

மலர்கள் எழுதாத வரலாற்றைச் சுவர்களை வைத்தே எழுதிவிடலாம்.

எங்கள் மறைபரப்புப் பணிக்குத் தாய்வீடு புதுச்சேரி. அங்கே சம்பா கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அது இடிக்கப்பட்டதையும், அதற்குச் சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கம் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்பே, 1704இல், போப்பின் தூதராக வந்த தூர்னோன், சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போயே ஆக வேண்டும் என்று கட்டளை போட வேண்டியிருந்தது. கட்டளை போட வேண்டிய அளவுக்குப் போகாமல் இருந்தார்கள் என்று பொருள். 1744இல் ரோம் மறுபடியும் அழுத்தியபோது இங்கே கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்!

தெற்கே வடக்கன்குளம். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று பீடத்தில் வந்து சேரும் இரண்டு கால்களாக 1870களில் ஒரு கோயிலே கட்டினார்கள். 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் நடுவில் இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் முடிவானது. இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். 2022இல் அவரைப் புனிதராக உயர்த்துவதற்கு முன், பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. ரோமில் எடுக்க முடிந்த வாலை இங்கே எத்தனை உபயக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்திருக்கிறோம்?

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். செத்தவர்களுக்கும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம்.

எறையூர், உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம். பிணம் போகும் பாதையிலிருந்து கோயிலில் உட்காரும் இடம் வரை பாகுபாடு. எங்களுக்கு மரியாதை கிடைக்காது என்றால் தனிப் பங்காவது கொடுங்கள் என்று 2008இல் தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். மார்ச் 9ஆம் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்கள் வன்னியக் கிறித்தவர்கள். சாதி தன் பக்கம் நின்றவர்களையும் பலிகொடுத்துவிட்டுத்தான் அடங்கியது.

கோட்டப்பாளையம், திருச்சி மாவட்டம், கும்பகோணம் மறைமாவட்டம். திருவிழாவில், நிர்வாகத்தில், கல்லறையில் பாகுபாடு என்று தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். 2024இல் மதுரைக் கிளை மனுவைத் தள்ளுபடி செய்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. 1745இல் நாட்குறிப்பில் எழுதப்பட்ட புகார் 2025இல் மனுவில் எழுதப்படுகிறது. இருநூற்று எண்பது ஆண்டுகள்!

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. புதுச்சேரியிலும் வடக்கன்குளத்திலும் சுவரை இடிக்கச் சில குருக்களே முன்வந்தார்கள். அதாவது இடிக்க முடியும். இடிக்காதவர்கள் முடியாமல் இருக்கவில்லை, விரும்பாமல் இருந்தார்கள்.

ஆதாரம் எங்கே என்று கேட்கிறது அரசு

இதெல்லாம் பழங்கதை, எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் சாதிச் சான்றிதழைக் காட்டுகிறேன். கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. எங்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஆய்வு உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்க முடியாது. சிறுபான்மையினருக்கென்று இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் ஒன்றிய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. காலனியில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் இந்து ஆதிதிராவிடர். ஒருவன் எங்கள் இருவரையும் ஒரே வார்த்தையில் சாதி சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு வரும், எனக்கு வராது. திட்டியவன் என் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டினான்?

1985இல் சூசை என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் ஒடுக்குமுறையும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஆதாரம்! தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையம் கேட்பதும் அதே ஆதாரத்தைத்தான்.

அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? பங்கு அலுவலக அலமாரியில் இருக்கிறது. சாதி குறிக்கப்பட்ட பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில், கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தில், பங்குப் பேரவை உறுப்பினர் பட்டியலில், திருவிழா வரி நோட்டில் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்பு நாள் என்று பேனர் கட்டும் அதே திருச்சபை, நூற்றாண்டு மலர் போடும்போது அந்த ஆதாரத்தை வெள்ளையடித்து மறைக்கிறது. டெல்லியில் 'எங்களுக்குள் சாதிக் கொடுமை இருக்கிறது, சலுகை கொடுங்கள்' என்கிறார்கள். ஊரில் 'நம் பங்கில் சாதியே இல்லை, எல்லோரும் கிறிஸ்துவின் பிள்ளைகள்' என்கிறார்கள். இரண்டில் எதை ஆணையம் நம்ப வேண்டும்? நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம் நூற்றாண்டு மலரையே நீட்டி, 'பாருங்கள், இவர்களே பாகுபாடு இல்லை என்று அச்சடித்திருக்கிறார்கள்' என்றால் என்ன பதில் சொல்வோம்?

திருச்சபைக்கு விவரம் தெரியாமல் இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், ஆயர்களில் 12 பேர்தான் தலித்துகள் என்றும் தானே ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். மகிழ்ச்சி. ஆனால் கர்தினால் ஹைதராபாத்தில் இருக்கிறார்; எங்கள் பிரச்சினை கதவோரத்தில் இருக்கிறது.

'இது சங்கிகளுக்கு உதவாதா?'

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் தோழர்கள். தேவாலயங்கள் தாக்கப்படும் காலத்தில், ஜெபக்கூட்டம் நடத்தினாலே மதமாற்ற வழக்குப் பாயும் காலத்தில், உள்வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்கிறார்கள். அவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இது எங்களுக்கு உள்வீடு அல்ல. உள்ளே விட்டிருந்தால் அல்லவா உள்வீடு! இரண்டாவது, 'மதம் மாறியும் சாதி போகவில்லையே, பிறகு எதற்கு மாறினாய்' என்று கேட்கும் சங்கிக்கு நம் மௌனம்தான் ஆயுதம். அவனிடம் நிமிர்ந்து சொல்லலாம்: ஊரிலிருந்து வந்தவன் சாதியையும் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் வந்தான். அவனோடு உள்ளே நின்று சண்டை போடுகிறோம். நீ யார் பக்கம்? எங்களுக்கு எஸ்.சி. பட்டியல் கிடைக்கக் கூடாது என்று தடுப்பது நீதானே? சாதி கிறித்தவத்திலும் இருக்கிறது என்று மேடையில் கேலி பேசிவிட்டு, கிறித்தவத்தில் சாதி இல்லை, அதனால் சலுகை இல்லை என்று நீதிமன்றத்தில் வாதாடுவது நீதானே?

மூன்றாவது, ஒற்றுமை பற்றி. கதவோரத்தில் நிற்பவர் வாய் மூடினால்தான் ஒற்றுமை நிலைக்கும் என்றால், அந்த ஒற்றுமைக்கு விலை கொடுப்பவர் அவர் ஒருவரே. அவரிடம் இன்னும் எத்தனை ஆண்டு கடன் கேட்பீர்கள்? தமிழ்நாட்டு ஆயர்களிடம் 2003இல் பேசிய இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டின் சாயல் கூட திருச்சபையின் பணிக்குக் கேடு என்ற பொருளில் எச்சரித்தார். போப் வெளிப்படையாகப் பேசியதை ஒரு காலனிக்காரர் எழுதினால் மட்டும் திருச்சபை கவிழ்ந்துவிடுமா?

நாமே எழுதுவோம்

மறைமாவட்டங்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நூறாண்டு கடந்த பதிவேடுகளை ஆய்வுக்குத் திறக்க வேண்டும். கல்லறைத் தோட்டங்களைக் கணக்கெடுத்துப் பிரிவினை எங்கெல்லாம் இருக்கிறது என்று வெளியிட வேண்டும். தலித்துகளுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாத பங்குப் பேரவையைக் கலைக்க வேண்டும். வரி வாங்க மறுக்கும் ஊரில் தேரை ஆயரே நிறுத்த வேண்டும். பாகுபாட்டை எழுதாத எந்த விழா மலருக்கும் ஆயர் ஆசியுரை கொடுக்கக் கூடாது.

இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. அதை இதைப் படிக்கும் நீங்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். கையில் கைப்பேசி இருந்தால் போதும். உங்கள் ஆயா, தாத்தாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். கோயிலுக்கு மண் சுமந்தது யார்? கூலி என்ன? பூசையில் எந்தப் பக்கம் நின்றீர்கள்? நற்கருணை வாங்கும் வரிசையில் யார் முதலில் போனார்கள்? பிணம் எந்தத் தெரு வழியாகப் போனது? முதன்முதலில் எதிர்த்துக் கேட்டவர் யார், அவருக்கு என்ன நடந்தது? கல்லறைக்குப் போய்ப் படம் எடுங்கள். உபயக் கல்வெட்டுகளைப் படித்துப் பெயர்களின் வால்களை எண்ணுங்கள். வரி வாங்க மறுத்த நாளைத் தேதியோடு எழுதி வையுங்கள். இந்த மக்கள் நினைவில் இருப்பதுதான் பங்கு வரலாறு. ஆணையத்துக்கு வேண்டிய ஆதாரமும் அதுதான். எங்கள் ஆயா, தாத்தா தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சாவிலும் ஒரு பதிவேடு எரிகிறது.

என் ஆயா போன வருடம் இறந்தார். அவர் குரல் நாற்பது நிமிடம் என்னிடம் பதிவாகி இருக்கிறது. கோபுரத்தின் எந்த அடுக்கு வரை அவர் சட்டி தூக்கினார், எந்த வெள்ளிக்கிழமை சாரம் சரிந்து காலனிப் பையன் ஒருவன் விழுந்தான், அவனை எங்கே புதைத்தார்கள் என்று எல்லாம் சொல்கிறார். அடுத்த மலர் வரும்போது அந்த நாற்பது நிமிடத்தை எழுத்தாக்கி, பங்குத்தந்தையின் மேசையில் வைக்கப் போகிறேன். அச்சடிக்க மாட்டோம் என்றால், அந்த மறுப்பையும் தேதியோடு எழுதி வைப்பேன். அதுவும் அந்தப் பங்கின் வரலாறுதான்.